மதிக்கு, பெட்டி கட்டும் முன்

அன்புள்ள மதி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய லிஸ்ட்டைப் பார்த்தேன். ட்ரில், ஆங்கிள் கிரைண்டர், மர விளிம்பு சீவும் ட்ரிம்மர், பெஞ்ச் கிரைண்டர், சால்டரிங் அயன். போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் உன் அம்மா புகுந்து மிக்ஸியைப் பற்றிக் கேட்பாள், அதனால் எழுதியே அனுப்புகிறேன். ஒயர் வைத்த எதையும் டொராண்டோவுக்குத் தூக்கிக்கொண்டு போகாதே.

அடாப்டர் வாங்கிக்கலாம்பா என்கிறாய். அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இங்கே வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது கரண்ட் நொடிக்கு 50 தடவை அலையடிக்கும். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். உன் ட்ரில்லை அதில் செருகினால் உடனே புகையெல்லாம் வராது, சுற்றும், ஆனால் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவன் மாதிரி சுற்றும். பிட்டை வைத்து அழுத்தினால் நின்றுவிடும், நின்ற பிறகும் சுவிட்சை விடாமல் பிடித்திருந்தால்தான் மோட்டார் காயிலுக்கு ஆபத்து. சால்டரிங் அயன் கதை இன்னும் மோசம். வோல்ட் ஏறக்குறைய பாதியானால் வாட் கால்வாசிக்கு இறங்கிவிடும், உன் 25 வாட் அயன் அங்கே 7 வாட்கூடத் தராது, ஈயம் உருகவே உருகாது.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 600 வாட் ட்ரில்லுக்கு 600 வாட் டிரான்ஸ்ஃபார்மர் போதாது, மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டுக்காக இரண்டு மடங்காவது வேண்டும், அது ட்ரில்லைவிடப் பல மடங்கு கனம். ஒரு ஓட்டை போட அதை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு அலைவாயா? சூட்கேஸ் கடைகளில் ஹேர் டிரையருக்கென்று விற்கும் குட்டி கன்வெர்ட்டர் மோட்டாருக்கு ஆகாது, அந்தப் பக்கமே போகாதே.

பெஞ்ச் கிரைண்டருக்கு டிரான்ஸ்ஃபார்மரும் முழு வைத்தியம் இல்லை. ட்ரில்லில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார், ஹெர்ட்ஸ் எவ்வளவு என்று அது பார்க்காது. பெஞ்ச் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதன் வேகமே ஹெர்ட்ஸைப் பொறுத்ததுதான். இங்கே நிமிடத்துக்கு 2800, 2900 சுற்று ஓடுவது 60 ஹெர்ட்ஸில் 3400-ஐத் தாண்டும். கல்லின் மேல் அச்சடித்திருக்கும் ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று தாங்கும் என்ற கணக்கு) அதற்குக் கீழே இருந்தால் கல் உடைந்து சிதறலாம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஷெட்டில் வளர்ந்தவள் நீ.

அங்கே துணி காயவைக்கும் மெஷினுக்கு 240 வோல்ட் பாயின்ட் இருக்கிறதாம், அதிலிருந்து இழுத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை சொன்னாராமே. விஷயம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார், பாயின்ட் இருப்பது உண்மை. ஆனால் நம் ஊர் மாதிரி ஒரு பேஸ், ஒரு நியூட்ரல் இல்லை அது. இரண்டு ஒயரிலும் தலா 120 வோல்ட் உயிரோடு இருக்கும். ட்ரில் சுவிட்ச் பெரும்பாலும் ஒரு ஒயரைத்தான் துண்டிக்கும், மற்றது லைவாகவே நிற்கும். தவிர அது 30 ஆம்பியர் லைன், ட்ரில்லின் மெல்லிய ஒயர் வெந்துபோனாலும் பிரேக்கர் விழாமல் இருக்கலாம். கனடாவின் சி.எஸ்.ஏ. மாதிரி அங்கீகார முத்திரை இல்லாத சாமானை வாடகை வீட்டில் இப்படி மாட்டி ஏதாவது ஆனால் வீட்டுக்காரரிடமும் இன்ஷூரன்ஸ்காரரிடமும் என்ன பதில் சொல்வது? வேண்டாம்.

கரண்ட் பிரச்சினை இல்லை என்றே வைத்துக்கொள், சாமான் பிரச்சினை இருக்கிறது. உன் ஆங்கிள் கிரைண்டர் 4 இன்ச், டிஸ்க்கின் நடு ஓட்டை 16 எம்.எம். அங்கே சாதாரணமாகக் கடையில் கிடைப்பது நாலரை இன்ச், 5 இன்ச் டிஸ்க், ஓட்டை 22 எம்.எம். சொச்சம். டிஸ்க்கை மூடியிருக்கும் கார்டைக் கழற்றிவிட்டு வாஷர் போட்டு மாட்டலாம் என்ற யோசனை வந்தால் அப்பாவை நினைத்துக்கொள். ட்ரிம்மர் பிட்டிலும் இதே தொல்லை, உன்னுடையது 6 எம்.எம். தண்டு, அவர்களுடையது கால் இன்ச், அதாவது 6.35. உன் பிட் அவர்கள் மெஷினில் தொட்டுக்கொண்டு நிற்கும், இறுகாது; அவர்கள் பிட் உன் மெஷினில் நுழையாது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தால் இங்கே பாரிமுனைக்குப் போய்ப் பழையதைக் காட்டினால் கையில் ஜோடி கொடுத்துவிடுவான். இந்திய மாடலுக்கு அங்கே எங்கே தேடுவாய்?

இதுவே ஜெர்மனியாகவோ சிங்கப்பூராகவோ இருந்தால், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தானே, பிளக்கை மட்டும் மாற்றிக்கொள் என்று நானே பேக் பண்ணிக் கொடுத்திருப்பேன்.

எடுத்துப் போக வேண்டியது வேறு. உளி, அரம், வெர்னியர், ரைட் ஆங்கிள் (மூலைமட்டம்), நல்ல ட்ரில் பிட் செட். இவற்றுக்கு வோல்ட் கிடையாது, ட்ரில்லின் வாயில் இருக்கும் சக்கில் சாதாரண பிட் எல்லாம் உட்காரும். ஜிக்சா பிளேடும் டி-ஷாங்க் (அடிப்பகுதி T வடிவம்) என்றால் அங்கே வாங்கும் மெஷினில் மாட்டும். இருக்கும் 18 வோல்ட் பேட்டரி ட்ரில்லையும் எடுத்துக்கொள், ஆனால் சார்ஜரைத் திருப்பிப் பார்: 100-240 என்று இருந்தால் சரி, 220-240 என்று இருந்தால் அதை விட்டுவிட்டு அங்கே அதே கம்பெனி சார்ஜர் வாங்கு. ட்ரில் செக்-இன்னில், தனியாக இருக்கும் பேட்டரி கைப்பையில், முனையில் டேப் ஒட்டி. 5 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர்) பேட்டரியை 18 வோல்ட்டால் பெருக்கினால் 90 வாட்-ஹவர்தான், 100 வரை வழக்கமாக விடுவார்கள், ஆனாலும் ஏர்லைனில் ஒருமுறை கேட்டுவிடு. பின்னால் கப்பலில் வரும் சாமான் இருந்தால், முதல் தடவை இறங்கும்போதே கஸ்டம்ஸில் அதற்கான லிஸ்ட்டைக் கொடுக்க வேண்டும், சீரியல் நம்பரோடு எழுதி வைத்துக்கொள்.

ஹாமர் ட்ரில் இல்லாமல் என்ன செய்வேன் என்று யோசிக்காதே. அங்கே உள்சுவர் பெரும்பாலும் ஜிப்சம் போர்டு, பின்னால் மரச் சட்டமோ தகட்டுச் சட்டமோ. நம் கான்கிரீட்டோடு மல்லுக்கட்டும் வேலை இல்லை. எப்போதாவது பெரிய மெஷின் தேவைப்பட்டால், டொராண்டோ டூல் லைப்ரரி என்று 2013-இல் தொடங்கியிருக்கிறார்கள், புத்தகம் மாதிரி மெஷினை எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுக்கலாம், விசாரி.

அம்மாவின் மிக்ஸி விஷயம்: இருப்பதை எடுக்காதே, அமெரிக்கா, கனடா பக்கம் போகிறவர்களுக்கென்றே 110 வோல்ட் என்று சொல்லி மிக்ஸி நம் ஊரிலேயே விற்கிறார்கள், அவளே வாங்கித் தருகிறாளாம்.

கிரைண்டர் இரண்டையும் அம்பத்தூர் ஷெட்டுக்கு அனுப்பிவிடு, எனக்கு வேலை இருக்கிறது. ட்ரில்லை உன் மாமா கேட்கிறார். கொடுப்பது உன் இஷ்டம், ஆனால் நம் ஏணி இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது. பேக்கர்ஸ் வியாழக்கிழமை வருகிறார்கள் என்றாய், அதற்குள் ஒரு முடிவு சொல்.

அப்பா