நல்ல தண்ணி தந்த பெரியம்மாவுக்கும் மற்ற எல்லாருக்கும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, சாயல்குடி உறவுகளுக்கு வணக்கம்.

கழிவிலிருந்து பொருள் செய்யும் எங்கள் கல்லூரிப் பாட வேலைகளை நேற்று மாலை தேர்வாளர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். பனையோலையும் பழைய மீன்வலையும் சேர்த்துப் பின்னிய பைகள், கூடைகள், தட்டிகள் எல்லாமே மேசைக்கு வந்து சேர்ந்தன. இன்னும் அந்தப் படபடப்பு அடங்கவில்லை, ஆனாலும் ஆறப்போட மனசு வராமல் எழுதுகிறேன். உப்புத் தண்ணி ஏறி எங்கள் ஓலையையும் வலையையும் நனைத்த அந்த மழை ராத்திரியையும் அடுத்து வந்த நாட்களையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களைவிட அதிகம் இழந்தவர்கள் நீங்கள். உங்கள் வீட்டுக்குள்ளேயே தண்ணீர் நின்றபோது, எங்கோ இருந்து படிக்க வந்த பிள்ளைகளின் ஓலைக்கட்டைத் தூக்கி மேட்டில் வைத்தீர்கள்.

எல்லாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஒருவரைப் பற்றி மட்டும் நிறையச் சொல்லியாக வேண்டும். தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், பாசி எடுக்கப் போகும் பெரியம்மா அவர். பேரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊர்க்காரர்களுக்குப் படித்ததுமே ஆள் தெரிந்துவிடும்.

உப்புத் தண்ணீர் ஏறிய ஓலை லேசில் காயாது. வெயிலில் காய்ந்த மாதிரி இருக்கும். பொழுது சாய்ந்ததும் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஓலை மறுபடி தொய்ந்துவிடும். அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போகும், சாயமும் சீராகப் பிடிக்காது. உடனே நல்ல தண்ணியில் அலசி, நிழலில் விரித்துக் காயவைத்தால்தான் உண்டு. வலைக்கும் அதே கதைதான். முடிச்சுக்குள் உப்பும் சேறும் இறுகிவிட்டால் பின்னும்போது விரலை அறுக்கும். அந்த வாரம் நல்ல தண்ணி எங்கே இருந்தது? குழாயில் வரவில்லை. லாரித் தண்ணியைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கி உலை வைத்துக்கொண்டிருந்தீர்கள். சோற்றுக்கே தண்ணி தேடும் வீட்டு வாசலில் போய் நின்று, ஓலை அலச ஒரு குடம் தாருங்கள் என்று எந்த வாயால் கேட்பது? நாங்கள் கேட்கவே இல்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் படங்களை மட்டும் வைத்துச் சமாளிக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

பெரியம்மா அந்த நேரத்தில்தான் வந்தார். பேச்சுக்கொடுக்கவில்லை. ஓலைக்கட்டிலிருந்து ஓர் ஓலையை உருவினார், நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பு ஏறிருச்சு தாயி. நல்ல தண்ணி பட்டாத்தான் பொழைக்கும்" என்றார். ஓலையை இருந்த இடத்திலேயே திரும்பச் செருகிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடிகாலையில் சமுதாயக்கூடத்து வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், மூடியில்லாத பெயிண்ட் வாளி ஒன்று. பெரியம்மாவும் அவர் மருமகளும் ராத்திரி முழுக்க ஊத்தில் உட்கார்ந்து எடுத்த தண்ணி அது.

இந்தக் கரைக்காரர்களுக்கு ஊத்தைப் பற்றி நான் சொல்வது அழகல்ல. வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். கடலிலிருந்து கொஞ்சம் தள்ளி, மணல் மேட்டில் குழி தோண்டினால் நல்ல தண்ணி ஊறும். மணல் குடித்த மழைத்தண்ணி அது. உப்புத் தண்ணியைவிட எடை குறைவு என்பதால் அதன்மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கும். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ வாளி போட்டு வேகமாக மொண்டாலோ அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அதனால் சிரட்டையால்தான் அள்ள வேண்டும். அள்ளியபின் ஊறும்வரை காத்திருந்து மறுபடி அள்ள வேண்டும். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் குனிந்திருக்க வேண்டும் என்பதை அடுத்த நாள் நானும் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். மழைக்குப் பிறகு தாழ்வான இடங்களெல்லாம் சேறாகிக் கிடந்தன. எந்த மேட்டில் தோண்டினால் தெளிவாக ஊறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய அம்மா 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியிலிருந்து கைப்பிள்ளையோடு இந்தப் பக்கம் வந்தவராம். ஊத்து பார்க்கும் கண் அம்மா கொடுத்தது என்றார்.

கொடுத்துவிட்டு அவர் போய்விடவில்லை. எப்படிச் செலவழிக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். வலையை முதலில் கடலுக்கே கொண்டுபோய் அலையில் அலசிச் சேறு போக்க வேண்டும். நல்ல தண்ணி முதலில் ஓலைக்கு. ஓலை அலசிய தண்ணி, ஒற்றை இழையில் செய்த மெல்லிய தங்கூசி வலைக்கு. அதே தண்ணி அப்புறம் விசைப்படகு இழுக்கும் மடி வலையிலிருந்து வந்த தடித்த பச்சை வலைக்கு. கடைசியில் மிஞ்சுவது கால் கழுவ. "செடிக்கு ஊத்திராதீக, உப்பு கெடக்கு, கருகிப்போகும்" என்றார். எங்கள் பாடத்தில் பல வாரம் படித்த விஷயம் இது. ஒரு பொருளை எத்தனை முறை பயன்படுத்தலாம், எந்த வரிசையில் பயன்படுத்தினால் அதன் தரம் மெதுவாகக் குறையும் என்று வரைபடம் போட்டுப் படித்தோம். பெரியம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாளியைக் காலால் நகர்த்திக்கொண்டே அதை நடத்திக் காட்டினார்.

காசு கொடுக்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "ஊத்துத் தண்ணிக்குக் காசு வாங்குனா ஊத்து அடைச்சுக்கும்த்தா." அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்க எங்களுக்குத் தைரியமில்லை.

அவர் கொடுத்தது இன்னொன்றும் உண்டு. அன்று அவர் இடுப்பில் பாசிப் பை கட்டியிருந்தது. கிழிந்த வலைத்துண்டை மடித்துத் தைத்து, வாய்ப்பக்கம் பழைய மிதவைக் கயிற்றை ஓடவிட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியிருக்கும் கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அதன் ஓரத்தில், மார்பளவுத் தண்ணியில் முங்கி முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்களின் உடுப்பையும் கருவியையும் யாராவது உட்கார்ந்து முழுதாக வரைய வேண்டும். விரலில் பாறை கிழிக்காமல் சுற்றிய துணி, காலுக்குத் தேய்ந்த செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் அந்தப் பை. தண்ணி தானாக வடிந்துவிடும், பாசி நிற்கும், இரண்டு கையும் வேலைக்கு இருக்கும். எங்கள் குழு செய்த பைகளில் தேர்வாளர்கள் அதிக நேரம் கையில் வைத்துப் பார்த்தது அந்தப் பாசிப் பையின் வடிவத்தில் செய்ததைத்தான். அடிப்பாகம் ஓலை, உடம்பு வலை. அதன் பக்கத்து அட்டையில் வடிவம் யாருடையது என்று எழுதியிருக்கிறோம். பேருக்குப் பதில் "பாம்பன் தென்கடலில் பாசி எடுக்கும் பெண்கள்" என்று போட்டோம். பெரியம்மா அதற்குத்தான் சம்மதித்தார்.

எங்களுக்குக் கொடுத்த வேலையில் இரண்டு பங்கு இருந்தது. கழிவிலிருந்து ஒரு பொருள் செய்ய வேண்டும். அந்த மண்ணின் மரபைப் படித்து, அதற்கும் செய்த பொருளுக்கும் என்ன உறவு என்று சொல்ல வேண்டும். மரபு என்றதும் மாணவர்கள் கோயில் பிராகாரத்துக்கும், ராமநாதபுரம் ராமலிங்க விலாச ஓவியங்களுக்கும், கீழக்கரைப் பழைய பள்ளிவாசல் தூண்களுக்கும் போவார்கள். நாங்களும் போனோம், மணிக்கணக்கில் நின்று வரைந்தோம், அவை தந்த கண்ணுக்கு நன்றி. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அழகன்குளம். வைகை கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் அகழ்ந்தபோது ரோமானியர் காலத்து வணிகத்தின் தடயங்கள் வந்தன. கப்பல் உருவம் கீறிய பானை ஓடு ஒன்றும் கிடைத்தது. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் துண்டுகள். எல்லாமே உடைந்தபின் யாரோ வெளியே எறிந்தவை. இன்று கரையில் ஒதுங்கும் நைலானும் அப்படித்தான் மண்ணுக்குள் கிடந்து நம்மைப் பற்றிச் சொல்லப் போகிறது. நடுவில் அது சும்மா கிடக்காது. பவளப்பாறையில் சிக்கி, ஆள் இல்லாமலேயே மீன் பிடிக்கும், ஆமை பிடிக்கும், ஆவுளியா என்கிற கடல்பசுவை மூச்சுமுட்ட வைக்கும். அதனால்தான் வலையை எடுத்தோம்.

அதற்குமுன் உங்கள் தெருக்களில் நடந்தபோதே தெரிந்தது, இந்த ஊரில் பழைய வலை குப்பையாவதற்குள் எத்தனை பிறவி எடுக்கிறது என்று. கோழிக்கூடு, கொல்லை வேலி, கூரை பறக்காமல் கட்டும் போர்வை, ஆட்டுக்குட்டிக்குத் தடுப்பு. எங்கள் வகுப்பில் இதற்கு நீளமான பெயர்கள் இருக்கின்றன. மதிப்பெண் எனக்குக் கிடைத்தாலும் அந்தப் படிப்பின் மூத்த மாணவர்கள் நீங்கள்தான் என்று தேர்வாளர்களிடமும் சொன்னேன்.

இனி மற்றவர்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் இதே அளவு எழுதலாம், இடம்தான் போதாது. மண்டபத்தில் வலை பின்னும் தாத்தா, உங்கள் வலை ஊசியைத் தந்து முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்தீர்கள். எது நைலான், எது பாலித்தீன் என்று நாங்கள் திணறியபோது "தண்ணியில போடு, முங்குனா நைலான், மெதந்தா மத்தது" என்று ஒரு வாளியில் முடித்துவைத்தீர்கள். சாயம் நைலானில் மட்டும்தான் சரியாகப் பிடித்தது என்பதால் அந்த வாளி எங்களுக்குப் பெரிய உதவி. முன்பு கரைவலை இழுக்கும் கயிற்றில் பனையோலை கட்டி மீனை வலைக்குள் விரட்டுவார்கள், அதற்கு ஓலைவலை என்று பேர் என்றும் நீங்கள் சொன்னீர்கள். ஓலையும் வலையும் ஒன்றாக வரலாம் என்ற துணிச்சல் அங்கேதான் வந்தது. கீழக்கரை லாத்தாமார்களே, அக்காமார்களே, குருத்தோலையைக் கிழிக்கவும், ஈர்க்கு எடுக்கவும், மூலை மடக்கவும் கைபிடித்துக் கற்றுத்தந்தீர்கள். கஞ்சி கொடுக்காமல் ஒருநாளும் அனுப்பியதில்லை. தார்ப்பாயோடு வேன் அனுப்பிய கீழக்கரைக் காக்கா (அண்ணன்), மழைக்குப் பிறகு புதுக் குருத்து வெட்டித் தந்து "இருக்குறத வச்சு ஆரம்பிங்க" என்ற சாயல்குடிப் பக்கத்துப் பனையேறி அண்ணன், சமுதாயக்கூடத்துச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத அண்ணன், கடன் கணக்கு எழுதாத டீக்கடை அத்தை, தேதியைத் தள்ளிவைக்கப் போராடிய எங்கள் ஆசிரியை, ஓலை விரிக்கத் தங்கள் திண்ணைகளைத் தந்த அந்தத் தெரு முழுக்க, எல்லாருக்கும் எங்கள் வணக்கம். திண்ணையில் ஓலை காய்ந்த நாட்களில் நீங்கள் உட்கார இடமில்லாமல் வாசலில் நின்று பேசியதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

ஒரு வார்த்தை கொடுக்கிறேன். இனி நான் செய்யும் எந்தப் பொருளிலும், அதற்கு எவ்வளவு நல்ல தண்ணி செலவானது என்று அட்டையில் எழுதுவேன். கழிவிலிருந்து செய்தது என்று பெருமையாகப் போட்டுக்கொள்ளும் பொருள்களில், கழுவவும் சாயம் போடவும் போன தண்ணீரை யாரும் எழுதுவதில்லை. தண்ணி விலைக்கு விற்கும் கரையில் அந்தக் கணக்கில்லாமல் மறுபயன்பாடு என்று பேசுவது முறையாகாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. வேலைக்குப் போனாலும் இதைச் சொல்வேன். கேட்கவில்லை என்றால் திரும்பவும் சொல்வேன்.

கல்லூரியில் காட்சி முடிந்ததும் எல்லாவற்றையும் உங்களிடமே கொண்டுவருகிறோம். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஜூன் 14 வரை வலை பின்னுகிறவர்கள் ஊரிலேயே இருப்பார்கள். அந்த 61 நாளுக்குள் அதே சமுதாயக்கூடத்தில் பரப்பிவைக்கிறோம். பாசிப் பை வடிவில் செய்தவற்றைப் பெரியம்மாவும் கூடப் போகிறவர்களும் கடலுக்கு எடுத்துப்போய்ப் பாருங்கள். வார் இழுக்கிறதா, ஓலை அடி எத்தனை நாள் தாங்குகிறது, தண்ணி வேகமாக வடிகிறதா என்று சொல்லுங்கள். தாத்தா, முடிச்சுகளை நீங்கள்தான் இழுத்துப் பார்க்க வேண்டும். அவிழ்ந்தால் அங்கேயே உட்கார்ந்து மறுபடி போடுகிறோம்.

குடங்களையும் அந்தப் பெயிண்ட் வாளியையும் கழுவிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். வரும்போது கொண்டுவருகிறோம், பெரியம்மா.

அன்போடு,
உங்கள் ஊரில் ஓலை காயவைத்த பிள்ளைகளுக்காக,
பரமக்குடி நெசவாளி வீட்டுப் பெண்