முதலில் எஸ்டிமேட்டைப் படி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பாரம்பரியக் கட்டடப் பரிசீலனைக் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்பது நல்ல சேதி. இத்தனை நாள் பாலங்களுக்குக் கணக்குப் போட்ட கை இனிப் பழைய சுவர்களுக்கும் போடட்டும். முதல் கோப்பே நூறு வயது தாண்டிய தாலுகா கச்சேரி, மேலே மெட்ராஸ் டெரஸ் என்கிற மரக்கட்டை, செங்கல், சுண்ணாம்புக் கூரை, பதினெட்டுத் தாள் வரைபடம், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறாய். வரைபடக் கட்டை ஓரமாக வைத்துவிட்டு எஸ்டிமேட்டை எடு.

கூட்டத்தில் முகப்பைப் பற்றித்தான் பேச்சு நீளும். என்ன நிறம், எங்கே விளக்கு, பெயர்ப்பலகை எவ்வளவு பெரிது என்றே மதியம் ஆகிவிடும். கட்டடத்துக்கு உலை வைக்கிற வரி எஸ்டிமேட்டின் நடுவில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்: ‘பழைய பூச்சைக் கொத்தி எடுத்து 1:5 சிமெண்ட் சாந்தில் 12 மி.மீ. பூசுதல்’. எழுதியவரைத் திட்டாதே. ஷெட்யூலில், அதாவது துறையின் விலைப்பட்டியலில், கைக்கு எட்டுவது அந்த அயிட்டம்தான். சுண்ணாம்புப் பூச்சு என்றால் தனியாக டேட்டா, அதாவது பொருளும் கூலியும் பிரித்த விலைக் கணக்கு, போட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு யார் தயார்?

சிமெண்ட் ஏன் ஆகாது என்பதைக் குழுவில் இரண்டு நிமிடத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலச் சுவர்கள் பலவற்றுக்கு அடியில் ஓதத் தடுப்பு, அதாவது நிலத்து ஈரத்தை மறிக்கும் அடுக்கு, கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்புக் காரை வழியே ஆவியாகிப் போகும். வரவும் செலவும் சரிக்குச் சரி. சிமெண்ட் பூசினால் செலவு அடைபட்டு, இரண்டடியில் நின்ற ஓதக் கோடு நாலடிக்கு ஏறும். கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, அந்த அழுத்தத்தில் செங்கல்லின் முகம் மாவாக உதிரும். பூச்சு விழும்போது செங்கல் தோலையும் பிய்த்துக்கொண்டு விழும். மேலே அக்ரிலிக் பெயிண்டும் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 1892-இல் திறந்த சென்னை உயர் நீதிமன்றம் மாதிரி, செங்கல் முகம் தெரிய விட்ட கட்டடம் என்றால் இன்னொரு அயிட்டத்தையும் தேடிப் பார்: மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தல். இருந்தால் அந்த வரியை அடித்துவிடு. சூளையில் நன்றாக வெந்த மேல்தோல்தான் செங்கல்லுக்குக் கவசம். அது போனால் மழைத் தண்ணீரைக் குடிக்கும்.

‘பழைய சாந்துக்கு ஒப்பான சாந்து’ என்று எழுதியிருந்தால், ஒப்பை எப்படிக் கண்டார்கள் என்று கேள். ஆய்வகத்தில் மாதிரியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவார்கள். சுண்ணாம்பு பொங்கிக் கரையும், மணலும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் அடியில் தங்கும், அதைக் கழுவி உலர்த்தி நிறுப்பார்கள். கடற்கரைப் பக்கத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றும். கிளிஞ்சல் சுண்ணாம்பில் வேகாமல் தங்கிய துண்டுகளும், மணலோடு வந்த கிளிஞ்சல் பொடியும் அமிலத்தில் கரைந்துவிடும். அதையெல்லாம் சுண்ணாம்பு என்று எண்ணினால் விகிதம் கொழுத்துக் காட்டும். அதே விகிதத்தில் பூசினால் காய்ந்ததும் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். உடைத்த சாந்தின் முகத்தை முதலில் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு அமிலத்துக்குப் போகச் சொல். முட்டை வெள்ளைக்கரு கதையும் வரும், எல்லாக் கட்டடத்துக்கும் வருகிறது. அது பளபளக்கிற மேல்பூச்சுக்கு உரியது, சுவர் எழுப்பிய சாந்துக்கு எவனும் முட்டை உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

உன் கோப்பின் உயிர் கூரையில் இருக்கிறது. உத்திரங்களின் மேல் ஏறக்குறைய ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சிறு செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டு வரிசையில் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டியிருப்பார்கள். அதற்கு மேல் மூன்று, நான்கு அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கான்கிரீட், அதற்கும் மேல் தட்டோடு என்கிற தட்டையான ஓடு. ஜல்லி 32 பங்குக்குச் சுண்ணாம்பு 12.5 பங்கு என்பது பொதுப்பணித் துறைக் கணக்கு. போட்டதும் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மரக்கட்டையால் அடிக்க வேண்டும். அடித்த கட்டை பதியாமல் துள்ளி எழுந்தால்தான் தளம் இறுகியது என்று அர்த்தம். அதற்குப் பல நாள் பிடிக்கும். அடிப்பதற்கு எத்தனை ஆள், எத்தனை நாள் கூலி போட்டிருக்கிறார்கள் என்று அந்த அயிட்டத்தின் டேட்டாவில் பார். ஒரு நாள் என்று இருந்தால், இறுகாத ஜல்லி மேல் தட்டோடு ஒட்டப் போகிறார்கள். அடுத்த ஐப்பசியில் ஒழுகும்.

இந்தக் கூரையில் முதலில் போவது கட்டையின் நடுப்பகுதி அல்ல, சுவருக்குள் நுழைந்திருக்கும் முனை. மழைத் தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைபட்டுக் கைப்பிடிச் சுவரின் காலில் தண்ணீர் நிற்கும், சுவருக்குள் இறங்கும், முனை அழுகும், பின்னாலேயே கரையான் வரும். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் கட்டை நேற்று வைத்ததுபோல இருக்கும். ஆகவே ‘தேவைப்படும் இடங்களில் கட்டை மாற்றுதல், 30 சதவீதம்’ என்ற வரியை ஒப்புக்கொள்ளாதே. ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டு, இரு முனையையும் சுவர் ஓரத்தில் தட்டியும் குத்தியும் பார்த்து, சந்தேகம் உள்ளதில் மெல்லிய துளை இறக்கி மரத்தின் எதிர்ப்பை அளந்து, அட்டவணையாகத் தரச் சொல். முனை மட்டும் போயிருந்தால் முழுக்கட்டையை எடுக்க வேண்டியதில்லை. அழுகிய நீளத்தை வெட்டிவிட்டு நன்கு உலர்ந்த தேக்கைச் சாய்வெட்டாகக் கோத்துப் போல்ட் போடலாம், அல்லது இரு பக்கமும் எஃகுப் பட்டை கொடுக்கலாம். திரும்பச் சுவரில் வைக்கும்போது முனையைச் சுற்றிக் காற்றோட இடம் விட வேண்டும். சிமெண்டால் கெட்டியாக அடைத்தால் பத்து வருஷத்தில் இதே கோப்பு திரும்ப வரும், அப்போது நீ குழுவில் இருக்க மாட்டாய்.

எடைக் கணக்கு உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறேன். ஒழுகும்போதெல்லாம் பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தளம் போட்டிருப்பார்கள். 75 மி.மீ. சுண்ணாம்பு ஜல்லி சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. ஆள் ஏறும் மொட்டை மாடிக்கு நாம் எடுக்கிற நடமாட்டச் சுமையே 150 கிலோதான். இரண்டு அடுக்கு கூடினால் கட்டை தொய்யாமல் என்ன செய்யும்? மாடியில் இரண்டு, மூன்று இடத்தில் ஒரு சதுர அடி வெட்டி அடுக்குகளை எண்ணி வரையாத கோப்பைத் திருப்பி அனுப்பு. வெட்டும்போதே தார் ஷீட் அடுக்கு ஏதும் வருகிறதா என்றும் கவனி. மேலே மூடி வைத்த ஈரம் அடியில் கட்டையைத்தான் தேடிப் போகும்.

கால அட்டவணைக்கு ஒரு பார்வை போதும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி வெளியிலிருந்து உள்ளே மெல்ல மெல்ல இறுகுகிறது. ஜனவரியில் வேலை உத்தரவு, மார்ச்சில் பில் என்றால், சுண்ணாம்பு என்று எழுதிச் சிமெண்ட் கலப்பார்கள். கலக்காமல் வேறு வழியில்லை. பூச்சுக்குப் பூச்சு இடைவெளியும் ஈரச்சாக்கு மூடுவதும் நாள் கணக்கோடு நிபந்தனையில் இருக்கட்டும்.

தீயை மறந்துவிடாதே. 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால், 2012 ஜனவரியில் எரிந்து கூரை விழுந்து, தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரையும் கொண்டு போனது. பிறகு செப்பனிட்டு, இப்போது பசுமைத் தீர்ப்பாயம் அங்கே நடக்கிறது. உன் கச்சேரியில் மரக்கூரைக்கு அடியில் ரிக்கார்டு ரூம், அதற்குள் ஃபால்ஸ் சீலிங், அதன் முதுகில் ஏசி வயர். எஸ்டிமேட்டில் ஃபால்ஸ் சீலிங்கைக் கண்டாலே நீக்கச் சொல். ஒழுகலையும் தீயையும் ஒரே சமயத்தில் கண்ணிலிருந்து மறைப்பது அது.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தாய். சென்னை அண்ணா சாலையின் பழைய பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் இடிபடாமல் நின்றது 2010 உயர் நீதிமன்றத் தீர்ப்பால். மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. குழுவில் மடக்கிக் கேட்டால் பழைய கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனத்தின் 9-ஆம் பிரிவு கையில் இருக்கட்டும்: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும் என்கிறது. முகப்பில் இல்லாத கோபுரத்தை ‘இருந்திருக்கும்’ என்று வரைந்து கொண்டு வருபவர்களுக்கு அது போதும்.

ஒப்புதல் கொடுக்கும் முன் ஒருமுறை நேரில் போ, நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் போ. எத்தனை தூம்பு வரைபடத்தில் இருக்கிறது, எத்தனை சுவரில் இருக்கிறது, அதில் எத்தனை சொட்டுகிறது என்று எண்ணி, கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரசங்கன்று எங்கெங்கே என்றும் குறித்துக்கொள். பிடுங்கினால் மேலே மட்டும்தான் வரும், வேர் உள்ளேயே தழைக்கும் என்பதால் அதற்கும் ஒரு அயிட்டம் வேண்டும். எண்ணிய கணக்கையும் தட்டோடு டேட்டா பக்கத்தையும் அனுப்பு, பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்