எண்ணெய்க் குதம் தீப்பிடித்தால் யாருக்குப் போன் எடுப்பது? யாழ் மாவட்ட அனர்த்த முகாமைத்துவக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்டச் செயலாளர் அவர்களுக்கும், அவருடைய தலைமையில் கூடும் அனர்த்த முகாமைத்துவக் குழுவில் இருக்கிற எல்லாத் திணைக்களத்தாருக்கும்,

வணக்கம். மாரி தொடங்கும் முன்னர் நீங்கள் கூடுவது எங்களுக்குத் தெரியும். வெள்ளம், புயல், டெங்கு, வாய்க்கால் துப்புரவு எல்லாம் பேசுகிறீர்கள், பத்திரிகையில் படமும் வருகிறது. நல்ல விசயம்தான். நான் கேட்க வந்தது உங்கள் நிகழ்ச்சிநிரலில் அநேகமாக வராத ஒன்று.

காங்கேசன்துறை எண்ணெய்க் களஞ்சியத்திலோ, சுன்னாகம் மின்நிலையத்து எண்ணெய்த் தாங்கியிலோ, காங்கேசன்துறை (கே.கே.எஸ்.) வீதியில் போகிற ஒரு எண்ணெய்ப் பவுசரிலோ பெரிய கசிவு அல்லது தீ ஏற்பட்டால், முதல் பத்து நிமிடத்தில் கட்டளை போடப்போவது யார்? அடுத்த ஒழுங்கையில் இருக்கிற சனம் வீட்டுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா, வெளியே ஓட வேண்டுமா, எந்தப் பக்கம் ஓட வேண்டும்? இதற்கான பதில் ஏதாவது ஒரு கோப்பில் இருக்கலாம். இருந்தால் அது எங்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

ஆட்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. எண்ணெய் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தாருடையது, சுன்னாகம் மின்சார சபையாருடையது. உரிமம் மத்திய சுற்றாடல் அதிகாரசபை பார்க்கும், கடலுக்குள் போனால் கடல் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை, கிணற்றுக்குள் போனால் நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, காயப்பட்டால் தெல்லிப்பழை வைத்தியசாலை, பிறகு யாழ் போதனா. வீதியை மறிக்கப் பொலிஸ். துறைமுகப் பக்கம் என்றால் கடற்படை, அவர்களுடைய வடக்குக் கட்டளைத் தலைமையகமே காங்கேசன்துறையில்தான். தீயணைப்பு என்றால் எல்லோருக்கும் உடனே நினைவு வருவது யாழ் மாநகர சபை, ஆனால் காங்கேசன்துறை வலிகாமம் வடக்குப் பிரதேச சபை எல்லை, சுன்னாகம் வலிகாமம் தெற்கு. பட்டணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறக்குறைய 18 கிலோமீற்றர், இடையில் புகையிரதக் கடவைகள் வேறு. கலியாண வீட்டில் பந்தி விசாரிக்கப் பத்துப் பேர் நிற்பார்கள், கடைசி இலைக்குச் சோறு போயிராது. அப்படித்தான் ஆகும் என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை உங்கள் எல்லோருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். எண்ணெய் கலந்த தண்ணீர் போத்தலில் எடுத்துக் காட்டப்பட்டது, சனம் வீதிக்கு இறங்கியது, பிரதேச சபைப் பவுசரில் குடிநீர் வந்தது. ஒரு தரப்பின் பரிசோதனை எண்ணெய் இருக்கிறது என்றது, மாகாண சபை நியமித்த நிபுணர் குழு ஆபத்தான நச்சு இல்லை என்றது, யாரை நம்புவது என்று தெரியாமல் தாய்மார் பிள்ளைக்கு எந்தத் தண்ணீரில் பால் கரைப்பது என்று கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். கடைசியில் ஒரு சூழலியலாளர் தொடுத்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம்தான் தீர்த்துச் சொன்னது, அங்கே இயங்கிய தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று. மேசையைச் சுற்றி உட்கார்ந்து மாதக் கணக்கில் தீர்த்திருக்க வேண்டியதை நீதிமன்றம் வரை இழுத்துக்கொண்டு போனோம். முன்னர் தண்ணீர் எப்படி இருந்தது என்று ஒப்பிடுவதற்குத் தொடர்ச்சியான ஒரு பதிவு எல்லோருக்கும் பொதுவாக இருந்திருந்தால் பாதி வாக்குவாதமே வந்திருக்காது என்பது என் எண்ணம். அது மெதுவாகக் கசிந்த எண்ணெய், வாக்குவாதப்பட நேரம் இருந்தது. தீ நேரம் தராது.

மற்ற நாட்டில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், கலிபோர்னியாவில் ரிச்மண்ட் என்ற ஊரில் இருக்கிற செவ்ரோன் சுத்திகரிப்பு ஆலையில் 2012 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஒரு குழாய் வெடித்தது. முதலில் சின்னக் கசிவு. ஆலையை நிறுத்தாமலே அதைப் பார்க்கப் போனார்கள், குழாய் பிளந்து எரியக்கூடிய ஆவி பெரிய வெள்ளை மேகமாக எழும்பி 19 தொழிலாளர்களை மூடியது. எல்லோரும் உயிர் தப்பியது பெரிய அதிர்ஷ்டம். ஆனால் புகை ஊருக்குள் போய், அடுத்த சில வாரங்களில் ஏறக்குறைய 15,000 பேர் வைத்திய உதவி தேடிப் போனார்கள். கந்தகம் அரித்து அந்தக் குழாய் மெலிந்து போயிருந்தது. அதைக் கவனமாகப் பரிசோதிக்க வேண்டும் என்று நிறுவனத்தின் சொந்த ஆட்களே பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அங்கேயும் அமைப்புகளுக்குக் குறைவில்லை. தொழில் பாதுகாப்புக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று, அவசரநிலைக்கு ஒன்று, உள்ளூராட்சி வேறு. ஒவ்வொருவரும் தங்கள் பங்கைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்கிற ஒழுங்கான வழி இருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு ஆளுநர் ஒரு குழு போட்டு, 2013இல் இந்த அமைப்புகளை எல்லாம் ஒரே செயலணிக்குள் கொண்டுவந்து, கூட்டுகிற பொறுப்பை மாநிலச் சுற்றாடல் திணைக்களத்திடம் கொடுத்தார்கள். 2017 ஒக்டோபரில் சுத்திகரிப்பு ஆலைகளுக்கென்றே புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் எனக்குப் பிடித்தது, ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை தொழிலாளிக்கும் உண்டு என்பது. நம்மூரில் ஒரு களஞ்சிய ஊழியர் வால்வை மூடிவிட்டு மேலதிகாரிக்குப் போன் எடுத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவைக் காட்டினால் சிலருக்குக் கோபம் வரும். சரி, பக்கத்தில் ஜெய்ப்பூருக்கு வாருங்கள். 2009 ஒக்டோபர் 29ஆம் திகதி மாலை அங்கே இந்தியன் ஒயில் களஞ்சியத்தில் பெற்றோல் ஒரு மணிநேரத்துக்கும் மேலாகச் சீறிக்கொண்டே இருந்தது, நிறுத்த ஆளில்லை, பிறகு ஆவிமேகம் வெடித்தது. தீயை அணைக்க முடியாமல் எரிந்து முடியட்டும் என்று விட்டார்கள், பதினொரு நாள் எரிந்தது. அது சுத்திகரிப்பு ஆலை கூட இல்லை, வெறும் களஞ்சியம், எங்களிடம் இருப்பது போல.

முக்கியமாக நீங்கள் பார்க்க வேண்டியது இங்கிலாந்தின் பன்ஸ்பீல்ட் எண்ணெய்க் களஞ்சியம். 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம். தாங்கியின் அளவுமானி இறுகிப்போய் நின்றுவிட்டது, மேலே நிரம்பினால் தானாக நிறுத்த வேண்டிய கருவியும் வேலை செய்யவில்லை, பெற்றோல் வழிந்து வெடித்தது. நாற்பதுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள், யாரும் சாகவில்லை. ஆனால் தீயை அணைக்க அடித்த தண்ணீரும் நுரையும் எண்ணெயும் தடுப்புச் சுவர்களைத் தாண்டி ஒழுகி, கீழே இருந்த சுண்ணக்கல் நிலத்துக்குள் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது. சுண்ணக்கல் என்றவுடன் உங்களுக்குச் சுருக்கென்று குத்தியிருக்க வேண்டும். வலிகாமம் முழுக்கச் சுண்ணக்கல். ஆறு என்று சொல்ல மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான். தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவந்தாலும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலான வீடுகளில் குளிப்பதும் சமைப்பதும் இன்னும் கிணற்றில்தான். பெற்றோல் தீக்கு வெறும் தண்ணீர் அடித்தால் எண்ணெய் மேலே மிதந்து தீயையும் கூட்டிக்கொண்டு போகும், நுரை வேண்டும். அந்த நுரை எவ்வளவு, எங்கே இருக்கிறது, அடித்த பிறகு அந்தக் கழிவு எந்தப் பள்ளத்தில் தேங்கும், யார் அள்ளுவார்? தீயணைப்பு வீரர் இதை யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. நீர்வழங்கல் சபையும் சுற்றாடல் அதிகாரசபையும் முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நாட்டில் எண்ணெய்ப் பேச்சு பெரிதாகிக்கொண்டு போகிறது. சப்புகஸ்கந்தவில் 1969இலிருந்து ஓடுகிற ஒரே சுத்திகரிப்பு ஆலைதான் இவ்வளவு காலமும். 2025 ஜனவரியில் அம்பாந்தோட்டையில் நாளுக்கு 2 லட்சம் பீப்பாய் சுத்திகரிக்கும் ஆலைக்கு சீன நிறுவனமான சினோபெக்குடன் ஒப்பந்தம், ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவுடனும் அமீரகத்துடனும் இன்னொன்று. டொலர் கணக்கும் பீப்பாய்க் கணக்கும் எல்லா மேடையிலும் கேட்கிறது. தீயணைப்புக் கணக்கு மட்டும் கேட்கவில்லை. கொழும்பு அதைப் பார்க்கட்டும், உங்கள் கையில் இருப்பதை நீங்கள் பாருங்கள். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தில் கைத்தொழில் விபத்தும் எண்ணெய்க் கசிவும் தீயும் அனர்த்தமாகவே கணிக்கப்படுகின்றன, வெள்ளமும் புயலும் மட்டும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்தில் எண்ணெய்க்கு என்று ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். களஞ்சியக்காரர், மின்சார சபை, கடற்படை, தீயணைப்பு, வைத்தியசாலை எல்லோரும் ஒரே வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பேச வேண்டும். கட்டளை யாரிடம் என்பதைப் பதவிப் பெயரோடு எழுதி வையுங்கள், அவர் லீவில் போனால் அடுத்தவர் யார் என்பதையும். பன்ஸ்பீல்ட் வெடித்தது ஞாயிற்றுக்கிழமை என்பதை மறக்க வேண்டாம். களஞ்சியத்தையும் மின்நிலையத்தையும் சுற்றியுள்ள கிணறுகளின் தண்ணீரை இப்போதே, எதுவும் நடக்க முன்னர், சோதித்துப் பதிவு செய்யுங்கள், முடிவை எல்லாத் திணைக்களத்துக்கும் கொடுங்கள், எங்களுக்கும் கொடுங்கள். வருடத்தில் ஒரு தடவை ஒத்திகை செய்யுங்கள், பாடசாலைப் பிள்ளைகளையும் கடைக்காரரையும் சேர்த்து, அதிகாரிகள் மட்டும் தொப்பி போட்டுப் படம் எடுக்கிற ஒத்திகை வேண்டாம். அறிவித்தல் முதலில் தமிழில் வர வேண்டும். கட்டளை வேறு மொழியில் ஓடி, மொழிபெயர்த்து வரும்வரை சனம் புகைக்குள் நிற்க ஏலாது.

அப்புறம் அந்த இலக்கம். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம், 110 தீயணைப்பு, 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ். களஞ்சியத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா பெற்றோல் மணக்கிறது என்று எதற்கு எடுக்க வேண்டும், எடுத்தால் மறுமுனையில் தமிழ் பேசுகிறவர் இருப்பாரா, அவர் மற்ற மூவருக்கும் சொல்வாரா? இதை மட்டுமாவது ஒரு பக்கத்தில் அச்சடித்து வலிகாமம் வடக்கு, தெற்குப் பிரதேச செயலகங்களிலும் கிராம அலுவலர் பணிமனைகளிலும் ஒட்டிவிடுங்கள். எனக்குத் தனியாகப் பதில் எழுதத் தேவையில்லை, அங்கே வந்து வாசித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வலிகாமத்தில் குடியிருக்கும் ஒருவர்