தம்பிக்கு, கிரகணம் பார்க்கப் போகுமுன்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது அம்மா மனதிலேயே கிடக்கிறது. "2028 ஜூலை 22, எங்க சிட்னி மேலேயே முழு கிரகணம் வருதும்மா, சனிக்கிழமை வேற. கிளீவ்லாண்ட்ல பிள்ளைகளை வச்சுக்கிட்டு நீயும் அக்காவும் என்ன செஞ்சீங்க?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகன் போனைப் பிடுங்கிவிட்டான். எழுதினால்தான் முழுதாகச் சொல்ல முடியும்.

2024 ஏப்ரலில் நான் அமெரிக்காவில், கிளீவ்லாண்டில் அக்கா வீட்டில் இருந்ததே தியாகராஜ ஆராதனைக்காகத்தான். 1978-லிருந்து ஈஸ்டரை ஒட்டி அந்த ஊரில் நடத்துகிறார்களே, அது. கச்சேரிகளைக் கேட்டுவிட்டுக் கிளம்ப இருந்தவளை அக்காதான் பிடித்து நிறுத்தினாள். "இந்த ஊரில் இதற்கு முன் முழு கிரகணம் வந்தது 1806-ல். அடுத்தது 2444-ல். உனக்கு அப்படி என்ன அவசரம்?" என்றாள். சரி என்று இருந்துவிட்டேன்.

கிரகணம் ஏப்ரல் 8, திங்கட்கிழமை. ஆனால் ஊர் சனிக்கிழமையே திருவிழாக் கோலம் பூண்டுவிட்டது. ஏரிக்கரையில் இருக்கும் கிரேட் லேக்ஸ் அறிவியல் மையத்தில் மூன்று நாள் விழா. நாசாவின் க்ளென் மையம் அந்த ஊரில்தான் இருக்கிறது, அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அக்காவின் பெரியவனுக்கு அங்கே நேரம் போனதே தெரியவில்லை. சின்னவள் மதியத்துக்குள் அத்தான் தோளில் தூங்கிவிட்டாள். வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிய நேரத்தைச் சொல்லவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அதே ஊரில் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்து இறுதிப் போட்டி வேறு. நாங்கள் வாசலைத் தாண்டவில்லை. என்னைக் கேட்டால் அந்த மூன்று நாளில் உருப்படியாகக் கழிந்தது அந்த ஞாயிறுதான்.

அன்றைக்கு மேகம் கொஞ்சம் விலகியபோது பூந்திக்கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனோம். கரண்டியை வெயிலில் பிடித்து, கீழே ஒரு வெள்ளைக் காகிதத் தட்டை வைத்தால் ஓட்டைக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன வட்டங்கள் விழும். அவை ஓட்டையின் வடிவமல்ல, சூரியனின் பிம்பம். "நாளைக்கு இதே வட்டத்தை யாரோ கடிச்சு வச்சிருப்பாங்க பாரு" என்று சின்னவளிடம் சொல்லிவைத்தேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுமுறை. எட்ஜ்வாட்டர் பூங்காவில், ஏரி மணலில் பாய் விரித்தோம். ஏரி என்று பெயர்தான், அக்கரை தெரியாது. இரண்டு மணிக்கு நிலா சூரியனைத் தொட்டது. முழுதாக மறைய இன்னும் ஒன்றே கால் மணி நேரம். பெரியவர்கள் ஏதாவது பேசிக்கொண்டிருக்கலாம், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு யுகம். கிரகணக் கண்ணாடி வழியாக ஒரு தடவை பார்த்தாள், "ம், சரி" என்றாள், மணலைத் தோண்டப் போய்விட்டாள். அவளைத் திரும்ப இழுத்து வந்தது பூந்திக்கரண்டிதான். தட்டு முழுக்கப் பிறைகள், அத்தனையும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. பக்கத்துப் பாய்க்காரர்கள் கரண்டியைக் கடன் வாங்கிப் போனார்கள், இரண்டு கை மாறித்தான் திரும்பி வந்தது. நம் ஊரென்றால் வேப்பமரத்தடியில் நின்றாலே போதும், இலை இடுக்குகள் அந்த வேலையைச் செய்துவிடும். அங்கே ஏப்ரல் தொடக்கத்தில் மரங்களெல்லாம் மொட்டை. உனக்கு அந்தக் கவலை இல்லை. யூகலிப்டஸ் குளிர்காலத்திலும் இலையோடுதானே நிற்கிறது.

அப்புறம் நான் செய்த தப்புக்கு வருகிறேன். இதற்காகத்தான் கடிதமே.

ஒரு வாரமாகச் சின்னவளிடம் "பார்க்காதே, பார்த்தால் கண் போயிடும்" என்று நான் ஓதிக்கொண்டே இருந்தேன். பாட்டி சொன்னால் பலிக்கும் அல்லவா? மூன்றே கால் ஆகப்போகிறது. வெளிச்சம் வெயிலாகவும் இல்லை, சாயங்காலமாகவும் இல்லை, வெள்ளிப் பாத்திரம் மங்கின மாதிரி ஒரு நிறம். குளிர் திடீரென்று ஏறியது. சடாரென்று இருட்டிவிட்டது. கரை முழுக்கக் கூச்சல். எல்லோரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்கள், அந்த நேரத்தில் கழற்றத்தான் வேண்டும், கண்ணாடியோடு பார்த்தால் வெறும் கறுப்புதான். இவள் மட்டும் கழற்றவில்லை. கண்ணாடிக்கு மேலே இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டு என் குளிர் ஜாக்கெட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள். "இப்ப பார்க்கலாம்டா, பயமில்லை" என்கிறேன். "கண் போயிடும் பாட்டி, நீயும் பார்க்காதே" என்று அழுகிறாள். மொத்தமே மூன்று நிமிடம் ஐம்பது விநாடி. அதில் பெரும்பகுதி அவள் உச்சந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அண்ணாந்தேன். நடுவில் கறுப்பு வட்டம், சுற்றிலும் வெள்ளை நரையாக விரிந்த ஒளி, அடி ஓரத்தில் குங்குமப் பொட்டைவிடச் சிறிதாக ஒரு இளஞ்சிவப்பு. சூரியனிலிருந்து எழுந்த தீக்கொழுந்து அது என்று பெரியவன் பிறகு சொன்னான். கீழே வலப்பக்கம் வெள்ளிக் கிரகம் பளிச்சென்று இருந்தது. அவ்வளவுதான், ஓரத்தில் ஒரு சொட்டு வெளிச்சம் தெறித்தது, எல்லோரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள்.

அதனால், எங்கே போகிறாய், எத்தனை இடம் பார்க்கிறாய் என்பதெல்லாம் பிறகு. 2028-ல் உன் மகனுக்கும் ஐந்து வயது. ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே வீட்டில் விளையாட்டாக ஒத்திகை பார்த்துவிடு. "மாட்டு", "கழற்று", "மாட்டு". விளக்கை அணைத்தால் கழற்ற வேண்டும், போட்டதும் மாட்ட வேண்டும். பயம் காட்டாதே, முறையைச் சொல்லிக்கொடு. அன்றைக்கு நீ சொல்லாமல் அவனாகக் கழற்றக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல். கண்ணாடியில் ஐஎஸ்ஓ 12312-2 என்று இருக்கிறதா பார், சூரியனைப் பார்க்கும் கண்ணாடிக்கான பாதுகாப்புத் தர எண் அது. அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதே. அக்கா முதலில் ஒரு கடையில் வாங்கியதில் வீட்டு டியூப்லைட்டே நன்றாகத் தெரிந்தது, குப்பையில் போட்டோம். நல்ல கண்ணாடியில் சூரியனைத் தவிர அநேகமாக எதுவுமே தெரியாது.

உங்கள் ஊரில் மதியம் இரண்டு மணியை ஒட்டி, மூன்றரை நிமிடத்துக்கு மேல் இருக்குமாம். குளிர்காலம், சூரியன் வடமேற்கே தாழ்வாக இருக்கும். அந்தப் பக்கம் கட்டடம் மறைக்காத இடமாக இப்போதே பார்த்துவை. சாப்பாடு கையோடு எடுத்துக்கொள். முடிந்தவுடன் வண்டியை எடுக்காதே. நாங்கள் எடுத்தோம், வீடு வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வந்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் நான் சாப்பிட்டேன். அதை மட்டும் விடமாட்டேன், அக்கா சிரித்தால் சிரிக்கட்டும். அப்பா கிரகண நேரத்தில், இங்கே நம் ஊரில் நடுராத்திரி பன்னிரண்டே முக்காலுக்கு, வீடியோவில் பார்க்கலாம் என்று விழித்திருந்து மூன்று தடவை கூப்பிட்டாராம். நான் எடுக்கவில்லை என்று இன்றைக்கும் குறை.

1995 ஐப்பசி உனக்கு நினைவிருக்கிறதா? தீபாவளி முடிந்த மறுநாள் காலை கிரகணம். ஏழு வயசு உனக்கு. ஜன்னலெல்லாம் சாத்தி, இடுக்கில் துணி செருகி, உன்னை நடு அறையில் உட்காரவைத்தேன். கிழக்குக் கூரையில் ஓடு விலகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அந்த ஓட்டை வழியாக எதிர்ச் சுவரில் பிறை விழுந்தது. "அம்மா, சுவத்துல நிலா" என்றாய். நான் உன் கண்ணைப் பொத்தினேன். அது பூந்திக்கரண்டி காட்டியதேதான் என்று எட்ஜ்வாட்டர் மணலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

2028 ஜூலைக்கு நானும் அப்பாவும் வருகிறோம். கரண்டியை இங்கிருந்தே கொண்டுவருகிறேன், நீ வாங்காதே.

அன்புடன்,
அம்மா