2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பள்ளிவாசல் நிருவாக சபையினரே, கோயில் பரிபாலன சபையினரே, அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடத்தும் எமது சபையின் செயற்குழு மாதந்தோறும் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். இப்தாரும் பொங்கலும் வழமைபோல நடந்தன. அவற்றைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. ஒன்றாகச் சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் அயலவருக்கு அநியாயம் நடக்கும்போது பக்கத்தில் நிற்காவிட்டால் அதில் என்ன பயன்?

மே இறுதியில் உயர்தரப் பெறுபேறுகள் வெளிவந்தபோது திருகோணமலையில் 70 முஸ்லிம் மாணவிகளின் பெறுபேறுகள் நிறுத்திவைக்கப்பட்டன. பரீட்சை மண்டபத்தில் காது மறையும்படி துணி அணிந்திருந்தார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. பிறகு பெறுபேறுகளை விட்டார்கள், சரி. ஆனால் அடுத்த பரீட்சைக்கு இருந்த எமது பிள்ளைகளின் தாய்மார் பதறிப்போனார்கள். அவர்களுக்காக ஒரு சட்டத்தரணியை அழைத்துக் கூட்டம் வைத்தோம். மதச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரையும், மதத்தைக் காரணம் காட்டிப் பாரபட்சம் காட்டாமையை 12(2)உம் உறுதிசெய்கின்றன. தேவையென்றால் பெண் அலுவலர் ஒருவர் மறைவான இடத்தில் காதில் கருவி ஏதும் இல்லையென்று பார்த்துவிட்டு மாணவியை உள்ளே அனுப்பலாம் என்று நவம்பர் பரீட்சைக்கு முன்பே எழுத்தில் கேட்டுக்கொண்டோம்.

அந்தக் கூட்டத்தில் எல்லோரும் குறித்துக்கொண்ட விடயம் காலக்கெடு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போவதென்றால், 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த மாதத்துக்குள்ளேயே மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இதற்கு இடம் தருகிறது. நம் சனம் பெரியவர்களைக் கொண்டு கதைத்து முடிப்போம் என்று காத்திருந்தே அந்த மாதத்தைத் தவறவிடுகிறது. கதையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. முறைப்பாட்டை முதலில் போட்டுவிட்டுக் கதையுங்கள்.

ஓகஸ்டில் ஒரு முஸ்லிம் கடைக்காரரைப் பற்றி வாட்ஸ்அப்பில் கேவலமான குரல் பதிவு ஒன்று சுற்றியது. அவருடைய கடையில் வாங்க வேண்டாம் என்றும் அதில் சொல்லியிருந்தது. அவர் தனியே பொலிஸுக்குப் போய் முறையிட்டபோது, “இரு தரப்புத் தகராறு” என்று சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் கேட்டிருக்கிறார்கள். மறுநாள் கோயில் தலைவரும் நானும் அவரோடு போனோம். எழுதியதை வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னோம். குரல் பதிவில் இருந்த வசனங்களை அப்படியே சேர்க்கச் சொன்னோம். மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவையும் எடுத்துச் சொன்னோம். புதிதாக எழுதினார்கள். கோயில் தலைவர் சாட்சியாகக் கையொப்பமிட்டார். இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த மனநிறைவு தந்தது அந்தக் கையொப்பம்தான்.

இந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கும்போது கவனமும் வேண்டும். 2019 மே மாதம் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணை இதே சட்டத்தின் கீழ்தான் கைதுசெய்தார்கள். அவருடைய உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்றார்கள்! அதனால் கோபம் வந்ததற்கெல்லாம் இந்தப் பிரிவைக் கேட்பதில்லை என்று செயற்குழு தீர்மானித்தது.

கொவிட் காலத்தில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரித்ததற்கு மன்னிப்புக் கோர இந்த ஜூலையில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், பிறந்து 20 நாளே ஆன சிசுவைக்கூட விடவில்லை. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை குடும்பங்கள் பட்ட பாட்டை மன்னிப்பு மட்டும் தீர்க்காது. பொறுப்பானவர்களை விசாரிக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி அனுப்பினோம்.

இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிய கூட்டத்தில் ஒரு முஸ்லிம் உறுப்பினர், “1990ஐயும் பேசுவீர்களா?” என்று கேட்டார். பேச வேண்டும். அந்த ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். அரசு செய்ததை மட்டும் கேட்டுவிட்டு, எங்கள் பெயரால் நடந்ததைத் தமிழர்களாகிய நாங்கள் விழுங்க முடியாது. இதற்கென ஒரு பொதுக்கூட்டம் வைப்பதில் சில தமிழ் உறுப்பினர்களுக்கு இன்னும் உடன்பாடில்லை. அது இன்றைய நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது, வாக்கெடுப்புக்கு விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைக்காரரின் முறைப்பாடு இன்னும் விசாரணையில் இருக்கிறது. அதன் பிரதியும் முறைப்பாட்டுப் பதிவேடும் புதிய செயற்குழுவிடம் ஒப்படைக்கப்படும்.

செயலாளர்