எஸ்டேட் மழைக் கணக்கு ஊருக்கும் தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகச் சுற்றுச்சூழலை அறிவியல் காப்பாற்றும் என்று யார் எழுதினாலும் செயற்கைக்கோள், சோலார், மின்சாரக் கார் என்றுதான் போகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வயநாட்டை ஒட்டி, நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் தேயிலைச் சரிவில் குடியிருக்கிற எங்களுக்கு அதைவிட அவசரமாக வேண்டியது மழைமானி. ஒரு புனல், கீழே ஒரு ஜாடி, ஒரு அளவுக் குவளை, தினமும் காலை 8.30 மணிக்குப் பார்த்து எழுதி வைக்க ஒரு ஆள், அவ்வளவுதான்.

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் நடந்த நிலச்சரிவு எல்லோருக்கும் தெரியும். கல்பற்றாவில் இருக்கும் ஹியூம் மையம் என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் வயநாடு முழுக்க 200க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளந்து வருகிறது. அந்தக் கணக்கை வைத்து, ஆபத்து இருக்கிறது என்று அவர்கள் முதல் நாளே சொல்லியிருந்ததாகச் செய்தி வந்தது. பூமி சூடேறியதால் அந்த மழை சுமார் 10 சதவீதம் கூடுதலாகக் கொட்டியது என்று பிறகு உலக விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்குமாம், அது எங்காவது ஒரு மலை மேல் இறங்கித்தானே ஆக வேண்டும்! 200 மி.மீ. மழை என்றால் ஒரு சென்ட் நிலத்தில் மட்டும் 8,000 லிட்டர் தண்ணீர், ஏக்கருக்கு 8 லட்சம்.

எங்களுக்கு வரும் எச்சரிக்கையோ பெரும்பாலும் 'நீலகிரி மாவட்டத்தில் கனமழை' என்ற ஒற்றை வரி. ஜூலையில் தேவாலா ஊறிக் கிடக்கும்போது கோத்தகிரியில் துணி காய்ந்துகொண்டிருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் பெய்தது, மாவட்டம் முழுக்கவா அப்படிப் பெய்தது? ரேடாரும் செயற்கைக்கோளும் மேகத்தைக் காட்டும், சரி. எந்தச் சரிவு எத்தனை நாளாக எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்பதைத் தரையில் அளந்தால்தான் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய எஸ்டேட் ஆபீஸ்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இஞ்ச், சென்ட் (இஞ்சில் நூறில் ஒரு பங்கு) என்று மழையை எழுதி வைக்கிற வழக்கம் உண்டு. அந்த ரெஜிஸ்டர்களைக் கணினியில் ஏற்றினால் எந்த வருஷம் எவ்வளவு பெய்தபோது எங்கே மண் சரிந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அண்டார்டிகாவில் ஹேலி என்ற இடத்தில் 1950களிலிருந்து ஓசோனை அளந்து எழுதிக்கொண்டே வந்ததால்தான் 1985இல் ஓட்டை விழுந்திருப்பது தெரிந்தது, 1987இல் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்பந்தமும் போட்டன. பெயரும் புகழும் இல்லாத வேலைதான், ஆனால் அதில்லாமல் ஒன்றும் நடந்திருக்காது.

ஆகவே டான்டீயும் (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தனியார் எஸ்டேட்களும் தினசரி மழை அளவைப் பொதுவில் வெளியிட வேண்டும், எஸ்டேட் இல்லாத இடங்களில் பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வைக்கலாம். கேரளத்துக்கும் அந்தக் கணக்கு உடனே போக வேண்டும், ஏனென்றால் இங்கே பெய்வது பாண்டியாறு, புன்னம்புழை வழியாகச் சாலியாற்றில் சேர்ந்து நிலம்பூர்க்காரர்கள் வாசலுக்குத்தான் போகிறது. அப்புறம் உங்களுக்கும் ஒரு கோரிக்கை: ஜூன் முதல் செப்டம்பர் வரை நீலகிரிப் பக்கத்தில், கிடைக்கிற ஊர்களுக்காவது, நேற்றைய மழை அளவை ஊர்வாரியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
பந்தலூர் வாசகர்