நூலக வாசகர் வட்டச் செயலரின் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும், உறுப்பினர்களுக்கும், தினமும் பேப்பர் படிக்க வந்தும் இன்னும் வட்டத்தில் சேராத நண்பர்களுக்கும் வணக்கம்.

கோடைக் கதை நேரமும் புரவலர் சேர்ப்பும் வழக்கம்போல் நடந்தன. உடைந்த நாற்காலிகளுக்கு ஒயர் பின்னியாயிற்று.

பேச்சு நீண்டது ஆகஸ்ட் 12, நூலகர் தினக் கூட்டத்தில்தான். "புத்தகத்தை எடுத்துக் கொடுக்க எதுக்குங்க ஒரு பட்டம்?" என்று உறுப்பினர் ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். கணக்குப் பேராசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான, இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதனே வேலை அலுத்துப்போய்ப் பழைய கல்லூரிக்குத் திரும்பப் பார்த்தவர். லண்டனில் படித்து, அங்கே நூலகங்கள் எல்லாத் தரப்பு மக்களுக்கும் பயன்படுவதைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார். அப்புறம் 1928-இல் சென்னை நூலகச் சங்கம், அடுத்த ஆண்டே கோடைப் பயிற்சி வகுப்பு, 1931-இல் அந்த வகுப்பைப் பல்கலைக்கழகமே எடுத்துக்கொண்டது. பரோடா சமஸ்தானத்தில் 1911-லேயே பயிற்சி தொடங்கிவிட்டது, ஆனால் அது மன்னர் தயவில் நடந்தது. இங்கே 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்து, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்ததால்தான் படித்தவர்களுக்கு மாதச் சம்பளத்தோடு பதவி கிடைத்தது. இந்த வரியை முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைக்கலாம்.

கேட்டவருக்கு முழுப் பதில் சில வாரம் கழித்துக் கிடைத்தது. தென்னையில் வெள்ளை ஈ என்று ஒரு விவசாயி வந்தார். அலமாரியில் இருந்த தென்னைப் புத்தகம் அந்தப் பூச்சி நம் நாட்டுக்கு வருவதற்கு முன்னால் அச்சானது. நம் நூலகர் அதைக் கையில் திணித்து அனுப்பவில்லை. வேளாண் பல்கலைக்கழக இணையதளத்தில் தேடி அச்செடுத்து, மஞ்சள் ஒட்டுப்பொறி பற்றிய பத்தியைப் பென்சிலால் கோடிட்டுக் கொடுத்தார். இதற்குத்தான் படிப்பு.

வருத்தம் ஒன்று உண்டு. நூலகவியல் படித்தவர்கள் நம் தெருவிலேயே வேறு வேலை பார்க்கிறார்கள், நம் நூலகருக்கோ பக்கத்து ஊர் நூலகமும் கூடுதல் பொறுப்பு, அதனால் வாரத்தில் பாதி நாள் இங்கே பூட்டுதான். முழுநேர நூலகர் கேட்டு மனு கொடுத்தோம். ரசீது வந்தது, பதில் வரவில்லை. மறுபடி எழுதப்போகிறோம், இந்த முறை வாசகர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். தாள் மேசைமேல் இருக்கிறது. சந்தா பாக்கி உள்ளவர்கள் அப்படியே பொருளாளரையும் பார்த்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
செயலர்